பாலக்காட்டு எல்லையிலிருந்து பனிமலைக்கு: மகளை ஸ்னோபோர்டிங் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்துப் பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பனி என்றால் மார்கழி விடியலில் தென்னந்தோப்புக்குள் இறங்கி, எட்டு மணிக்குள் கலைந்துபோகும் மூடுபனிதான். பங்குனி வந்துவிட்டால் வெயில் 40 டிகிரியைத் தொடும். இந்த ஊரில்தான், 13 வயதில் என் மகள், இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டில் காற்றில் சுழன்று இறங்கும் ஒரு பெண்ணைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு இதுதான் வேண்டும்" என்றாள். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தாலுகாவில் ஒருவரும் இல்லை. 2023 முதல் நான்கு பனிக்காலம் அலைந்து, பணம் இழந்து, அலுவலகப் படிகள் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், கோபாலபுரம், வாளையார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது. எல்லையின் இரு பக்கமும் காகிதம் சிதறிக் கிடக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பலகையை முதலில் வாங்காதீர்கள். உடலும் காகிதமும் தயாரான பிறகுதான் பனி. இந்த வரிசையை மாற்றியதால்தான் எங்களுக்கு ஒரு வருடம் போனது.

1. எந்தப் பிரிவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாவல், சுழல் வித்தைகளுக்கான ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டிங்கில் ஒலிம்பிக்கில் மூன்று போட்டிகள் இருக்கின்றன. ஹாஃப்பைப் 1998 நாகானோவிலும், ஸ்லோப்ஸ்டைல் 2014 சோச்சியிலும், பிக் ஏர் 2018 பியோங்சாங்கிலும் சேர்ந்தன. ஹாஃப்பைப் என்பது பனியில் வெட்டிய அரைவட்ட வாய்க்கால். பெரிய போட்டிகளில் அதன் சுவர் 22 அடி, ஏறத்தாழ நம் இரண்டு மாடி வீட்டின் உயரம். ஸ்லோப்ஸ்டைலில் கம்பிகளும் மேடுகளும் அடுத்தடுத்து வரும். பிக் ஏரில் ஒரே ஒரு பெரிய தாவல். மூன்றிலும் நடுவர்கள் 100க்கு மதிப்பெண் போடுவார்கள். கடிகாரத்துக்கு வேலை இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டுப் போட்டிகளில் ஸ்னோபோர்டு என்றால் பெரும்பாலும் கொடிகளுக்கு இடையே வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம்தான். பிள்ளை கனவு காண்பது ஒன்று, இங்கே முதலில் கிடைப்பது வேறொன்று. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என் மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "சரி, முதலில் நேராக இறங்கக் கற்றுக்கொள்கிறேன்" என்றாள். பந்தயப் பயிற்சியால் நட்டமில்லை. பலகையின் விளிம்பை அழுத்தித் திரும்பத் தெரியாத பெண் தாவவும் முடியாது.

2. உடலை ஊரிலேயே தயார் செய்யுங்கள்

ஆஸ்திரியாவின் அன்னா காஸர் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ஸ்னோபோர்டில் ஏறியதே 18 வயது வாக்கில்தான். 2018, 2022 இரண்டு ஒலிம்பிக்கிலும் பிக் ஏர் தங்கம் அவருக்கு. "பனியில் பிறக்காதவளுக்கு இது வராது" என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்று அறிவது ஜிம்னாஸ்டிக்ஸில் வருவது. அதற்குப் பனி தேவையில்லை.

ஆகவே முதல் செலவு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு இருக்கட்டும். எங்களுக்குக் கோவை பக்கம். வாரத்தில் மூன்று நாள், வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தோம். கேரளத்தின் உள்ளே இருப்பவர்களுக்குத் தலச்சேரியில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையமும், திருவனந்தபுரத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கமும் இருக்கின்றன. ஸ்கேட்போர்டும் நல்ல துணை. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் அதைக் கற்றுத்தருகிறார்கள்.

வீட்டில் செய்தது இதுதான். நெல் காயப்போடும் களத்தில் மணல் அடைத்து இருபுறமும் மூடிய பி.வி.சி. குழாய் ஒன்று. அதன்மேல் இரண்டரை அடித் தேக்குப் பலகை. மகள் அதில் ஏறி நின்று, பின்னால் யாராவது லேசாகத் தள்ளினாலும் விழாமல் இருக்க வேண்டும். முதல் நாள் நான்கு நொடி நின்றாள். மூன்றாம் மாதம் அதில் நின்றபடியே தலை பின்னிக்கொண்டாள். அப்போதே எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இடக்கால் முன்னால் வந்தால் 'ரெகுலர்', வலக்கால் வந்தால் 'கூஃபி'. வாடகைக் கடையில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

3. பெயரை ஒன்றாக்குங்கள்

நிறையப் பேர் சறுக்குவது மலையில் அல்ல, இந்தப் படியில்தான். நம் பக்கத்தில் பிரசவம் பொள்ளாச்சியிலோ கோவையிலோ நடக்கும். வீடும் ரேஷன் கார்டும் கேரளத்தில் இருக்கும். பள்ளி தமிழ்வழி. அப்பா வளைகுடாவில். இந்த நான்கும் நான்கு பெயர் கொடுத்துவிடும்.

என் மகளுக்குத் தமிழ்நாட்டில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் பெயரே பதியவில்லை. "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும். ஆதாரில் பெயரோடு அப்பாவின் முழுப்பெயர். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் இருந்த பெண் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "சேச்சி, இது ஒரே குழந்தைதானா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது:

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேதான் அது முடியும். கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு கோவைப் பதிவைத் திருத்த முடியாது. முதல் 12 மாதத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடமுண்டு. அந்த 15 ஆண்டைத் தாண்டவிடாதீர்கள்.

அடுத்தது தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை என்பதால் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பிறகு வெளிநாட்டு விசாவிலும் போட்டிப் பதிவிலும் கணினி குடும்பப்பெயர் இல்லாமல் நகராது. ஒரு சில நாடுகள் காலியான இடத்தில் தாமாகவே எதையாவது போட்டு நிரப்பிவிடும். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவது என் அனுபவத்தில் சிக்கலில்லாத வழி. அதே எழுத்துக்கூட்டல் ஆதாரிலும் பள்ளியிலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பதிவுக்கு முன்பே பள்ளியில் திருத்திவிடுங்கள், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது நெடுநாள் வேலை.

இதற்கு மேலும் பழைய ஆவணத்தில் பெயர் மாறி இருந்தால், கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் தரும் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் இருக்கிறது. இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று அது சொல்லும். அக்ஷயா வழியாக விண்ணப்பிக்கலாம். எங்களுக்குப் பத்து நாளில் வந்தது. மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் கிராம அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுத உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் எழுதுங்கள். ஆனால் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மலையாளச் சான்றிதழை வடக்கே கொண்டுபோய் மொழிபெயர்ப்புக்கும் நோட்டரிக்கும் நான் 1,800 ரூபாய் கொடுத்தேன்.

4. எந்த மாநிலத்துப் பெண் என்பதை முடிவு செய்யுங்கள்

கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு 2020இல் தொடங்கியது. அதில் மாநில அணி வழியாகத்தான் போக முடியும். வீடு கேரளம், பயிற்சி கோவை, பிறப்பு தமிழ்நாடு என்று இருக்கும் பிள்ளையை இரண்டு பக்கமும் "அங்கே போ" என்று அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு முழு மாதம் போனது. எந்த மாநிலத்தில் ரேஷன் கார்டும் பள்ளியும் இருக்கின்றனவோ அந்த மாநிலத்தையே எடுத்துக்கொண்டு, அங்கே நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஒரு மாநிலத்துக்கு ஆடிவிட்டு அடுத்த வருடம் மாறுவதற்குத் தடையின்மைக் கடிதம் கேட்பார்கள். அது யாரும் விரும்பித் தரும் கடிதம் அல்ல.

இங்கே ஒரு பொறி. பனியே இல்லாத மாநிலங்களில் "சங்கம்" என்ற பெயரில் ஆட்கள் முளைப்பார்கள். "சர்வதேச முகாம், நேரே தேர்வு" என்று சொன்ன ஒருவருக்கு நாங்கள் 40,000 ரூபாய் கட்டினோம். முகாமும் இல்லை, பணமும் இல்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்.ஸில் இந்தியாவுக்கான உறுப்பினர் 'ஸ்கீ அண்ட் ஸ்னோபோர்டு இந்தியா'. உங்கள் மாநிலத்தில் தாங்கள் அங்கீகரித்தவர் யார் என்று அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

5. பாஸ்போர்ட்டை உடனே எடுங்கள்

வெளிநாடு எப்போது என்று தெரியாவிட்டாலும் எடுத்து வையுங்கள். 18 வயதுக்குக் கீழே சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். தட்கால் என்றால் மேலே 2,000. பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் 'அனெக்ஸர் டி' உறுதிமொழி வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்ப வேண்டும். என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதால் எங்கள் முதல் சந்திப்பு வீணாயிற்று. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் கணவன் அல்லது மனைவி பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

6. நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம்

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லை கலான்', கடுங்குளிர்க் காலம். அப்போது பனி நிச்சயம் என்று நினைத்து 2024 ஜனவரியில் போனோம். அந்த ஜனவரியில், அங்குள்ள பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் பழுப்பு நிறப் புல்லாகக் கிடந்தது. ஒன்பது நாள் அறையில் காத்திருந்து திரும்பினோம். நாங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு, மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. 2025இலும் பனி போதாமல் கேலோ இந்தியா போட்டியின் குல்மார்க் பகுதியை பிப்ரவரியிலிருந்து மார்ச் 9க்குத் தள்ளிவைத்தார்கள். மாற்ற முடியாத டிக்கெட்டும், முன்பணம் முழுவதும் கட்டும் அறையும் கூடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பனி நன்றாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேர்வுகள். தேர்வு இல்லாத வகுப்புகளில் பிப்ரவரி முதல் மூன்று வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் நவம்பரிலேயே கடிதம் கொடுத்து வருகைப்பதிவு விஷயத்தைப் பேசிவிடுங்கள். தேர்வு வருடத்தில் பேராசைப்படாதீர்கள். 2025இல் என் மகள் பத்தாம் வகுப்பு. ஜனவரியில் பத்து நாள் மட்டும் போய்விட்டு வந்தோம், அதுவும் பாடப்புத்தகப் பையோடு.

7. எங்கே கற்பது, எவ்வளவு ஆகும்

அரசு நிறுவனங்களில் முதலில் விண்ணப்பியுங்கள். குல்மார்க்கில் சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனம், பஹல்காமைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவஹர் நிறுவனம், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் ஆகிய மூன்றும் பனிக்காலப் பயிற்சி நடத்துகின்றன. உத்தராகண்டில் அவுலியும் இருக்கிறது. அரசு நிறுவனங்களில் தங்குமிடம், சாப்பாடு, கருவி எல்லாம் சேர்த்துச் சலுகைக் கட்டணம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகஸ்டிலிருந்தே அறிவிப்பைப் பார்த்து வாருங்கள். வயது வரம்பும் மருத்துவச் சான்றிதழ் படிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முக்கியமாக, அந்த வகுப்பு ஸ்கீயிங்கா ஸ்னோபோர்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணம் கட்டி, அங்கே போய் இரண்டு தனித்தனிப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஏற்பாடு செய்தால் செலவு கூடும். 2023 பிப்ரவரியில் நானும் மகளும் குல்மார்க்கில் 20 நாள் இருந்ததற்கு ஆனது இது: அறை 40,000, பயிற்சியாளர் 12 நாளுக்கு 30,000, பலகை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை 14,000, போக்குவரத்து 18,000, சாப்பாடு, கேபிள் கார், சில்லறை 28,000. மொத்தம் 1,30,000 ரூபாய். நாள் வாடகையை விடப் பத்து நாள் வாடகை பேசினால் குறையும். முதல் வாரத்தில் கோண்டோலா என்கிற கேபிள் காரே வேண்டாம். அடிவாரத்துச் சிறு சரிவும் இழுவை லிஃப்ட்டும் போதும். "மேலே போனால்தான் கற்க முடியும்" என்று அவசரப்படுத்தும் பயிற்சியாளரை விட்டுவிடுங்கள்.

பெண் பயிற்சியாளர் குறைவு. வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். சரிவுக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஐந்து அடுக்கு உடையோடு மாதவிடாய் நாளில் ஒரு பெண் படும் பாடு ஆண் பயிற்சியாளருக்குத் தோன்றாது. மகளும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். அவளுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டியது நாம்தான்.

8. பயணம்

கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை கட்ரா செல்லும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாகத்தான் போகிறது. வண்டியில் மூன்று இரவு. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். முன்பெல்லாம் ஜம்மு நெடுஞ்சாலை நிலச்சரிவில் அடைபட்டால் சாலையிலேயே இரவு கழியும். இந்த ரயில் பெரிய விடுதலை. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர். வழியில் வரும் தங்மார்க்குக்கு மேலே பனி இருந்தால் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும்; அதற்குத் தனி வாடகை.

இன்னொன்று: நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஒரு எண்ணையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்கள். முதல் முறை இரண்டு நாள் என் கணவரால் எங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஷார்ஜாவில் அவர் தூங்கவில்லை.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். நம் ஆனைமுடியின் உச்சியே 2,695தான். அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற உயரத்தில் அங்கே புல்வெளி தொடங்குகிறது. முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர். அறையில் 'புக்காரி' என்கிற விறகு அடுப்பு எரிந்தால் ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். மூடிய அறையில் அதை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

அந்த முதல் காலையை மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். மகள் கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளினாள். நான் ஈரமாக இருக்கும் என்று நினைத்தேன். அது மாவு போல உலர்ந்திருந்தது, விரலிடுக்கில் உதிர்ந்தது. காலை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நம் களத்து உமி மாதிரியே வழுக்குகிறது" என்றாள். அறுவடைக் காலத்தில் உமிக்குவியலில் சறுக்கி அடிவாங்கிய பிள்ளை அவள்.

9. பலகையும் உடையும்

முதல் இரண்டு பருவம் வாடகைக்கே எடுங்கள். வாங்குவதாக இருந்தால் முதலில் பூட்ஸ். வாடகை பூட்ஸ் குதிகாலைப் பிடிக்காது. குதிகால் தூக்கினால் பலகை பேச்சுக் கேட்காது. ஃப்ரீஸ்டைலுக்கு இருமுனையும் ஒன்றுபோல் வளைந்த 'ட்வின்' பலகை வேண்டும். எந்தப் பக்கம் திரும்பி இறங்கினாலும் ஒன்றுதான். நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே நிற்பது பொதுக் கணக்கு. ஆனால் உயரத்தை விட எடைக்குத் தக்க அட்டவணையைப் பார்ப்பது சரி. ஆண்களுக்கான பலகை அகலமானது. பெண்களின் சிறிய பாதம் விளிம்பை எட்டாது. விலை குறைவு என்று அண்ணன் பயன்படுத்திய பலகையைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் சொந்தமாக இருக்கட்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. என் மகள் காப்பு மாட்டாத ஒரே ஒரு மதியம்தான் எலும்பில் கீறல் விழுந்தது. பருத்தி உள்ளாடை வேண்டாம். நனைந்தால் காயாது.

10. நம் ஊருக்கு வெளிநாடு சில நேரம் பக்கம்

வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு பாலக்காட்டில் அரிது. துபாயில் 2005இல் திறந்த ஸ்கீ துபாய் உள்ளரங்கச் சரிவின் நீளம் 400 மீட்டர். ஆண்டு முழுவதும் பனி. சித்தப்பாவோ மாமாவோ அங்கே இருந்து, தங்கும் செலவு மிச்சமானால், கொச்சியிலிருந்து போகும் விமானம் குல்மார்க் பயணத்துக்குச் சமமாகவே வரும். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே பழகிய பிறகுதான் என் மகளின் திருப்பங்கள் சீரானது. வேகத்தைக் கட்டுப்படுத்தி நிற்கத் தெரியாதவர்களை மேலே விட மாட்டார்கள். பாடம் எடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்தது கஜகஸ்தானின் அல்மாட்டி. இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. நகரத்துக்கு மேலேயே ஷிம்புலாக் சரிவுகள். ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு என்று எழுதியிருந்தாலும் 45 நாள் வரை இழுக்கலாம். கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும்.

11. காப்பீடு, காயம், மருந்து

சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேராது. "சாகச விளையாட்டு" சேர்த்த பாலிசியிலும் போட்டியும் பயிற்சியும் விலக்காக இருக்கும். சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, "ஸ்னோபோர்டு, ஃப்ரீஸ்டைல், போட்டி" மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மணிக்கட்டுக் காயத்துக்கு எங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

குல்மார்க்கில் காவலுள்ள சரிவை விட்டு வெளியே பிள்ளையை அனுப்பாதீர்கள். 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ஒரு ரஷ்ய ஸ்கீ வீரர் இறந்தார். வழிகாட்டியும், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவியும், மண்வெட்டியும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாமல் மேல்மலை கிடையாது.

போட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டால் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. உடலில் எது இருந்தாலும் பொறுப்பு விளையாடுபவருடையது. "தெரியாமல் சாப்பிட்டேன்" எடுபடாது. சளி மாத்திரை சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் தடை. பாட்டி தரும் லேகியம், வைத்தியசாலைச் சூரணம், ஜிம்மில் விற்கும் புரதப் பொடி எல்லாவற்றையும் விளையாட்டு மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுங்கள். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது.

12. தொழிலாக மாறும் இடம்

சர்வதேசப் போட்டிக்கு எஃப்.ஐ.எஸ். உரிமம் வேண்டும். தேசிய கூட்டமைப்பு வழியாகத்தான் கிடைக்கும். நீங்கள் நேரே விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் நகல், புகைப்படம், வீராங்கனையும் பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஆகியவை தேவைப்படும். செப்டம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். சிறிய போட்டிகளில் புள்ளி சேர்ந்தால்தான் உலகக் கோப்பைக்கு வழி.

வருமானம் பற்றி நேராகச் சொல்கிறேன். உலக அளவில் ஒரு தொழில்முறைப் பெண்ணுக்குப் பணம் வருவது பலகை, உடை நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும், பரிசுத் தொகையிலும், படப்பிடிப்பிலும். வடக்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தெற்கே நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை என்று வருடம் முழுவதும் பையோடு திரியும் வாழ்க்கை. அமெரிக்காவின் க்ளோயி கிம் 17 வயதில், 2018இல் ஹாஃப்பைப் தங்கம் வென்றார். அவருக்காக அப்பா பொறியாளர் வேலையையே விட்டார். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்? இந்தியாவில் சம்பளத்தோடு பனி விளையாட்டில் இருப்பவர்களில் பலர் ராணுவம், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை போன்ற சீருடைப் பணிகளில் இருப்பவர்கள். பயிற்சியாளர் சான்றிதழ் இன்னொரு வழி. என் மகள் பதினெட்டானதும் அதை எடுக்கப் போகிறாள். கல்லூரிப் படிப்பை நிறுத்துவதாக நாங்கள் இல்லை.

தென்னாட்டுப் பெண்ணுக்கு இது நடக்காது என்பவர்களிடம் குடகின் பவானி தெக்கட நஞ்சுண்டாவைக் காட்டுகிறேன். அவர் துறை கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். காப்பித் தோட்ட நாட்டிலிருந்து போய் இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டிகளில் ஓடுகிறார். வயநாட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவர் ஊர்.

13. திரும்பி வந்ததும்

பலகையை உறையோடு மூலையில் சாய்த்துவிட்டுப் போகாதீர்கள். உறையைக் கழற்றி, நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் கட்டின் திருகுகளைத் தளர்த்துங்கள். அடிப்பாகத்தில் மெழுகைத் தடித்துப் பூசி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். எஃகு விளிம்பைத் துடைத்து, துணியில் தொட்ட தையல் மெஷின் எண்ணெயை ஒரே சீராகத் தேய்த்துவிடுங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம். சுவரில் இரண்டு மரமுளை அடித்துக் கிடையாக வையுங்கள். எல்லாம் மே மாதக் கடைசிக்குள் முடிய வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் பத்தே நாளில் விளிம்பு முழுக்கத் துரு. அதைத் தேய்த்து எடுக்க மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது.